கெப்ளரின் தாயும் சரித்திரக்காரர்களும்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டம். எனக்கு முன்னால் பேசிய நண்பர் நல்ல பேச்சாளர். அரை மணி நேரத்தில் ஐரோப்பாவை ஏணி வைத்து ஏற்றி உச்சாணிக் கிளையில் உட்கார வைத்துவிட்டார். 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது, அறிஞர்கள் சுவடிகளைக் கட்டிக்கொண்டு இத்தாலிக்கு ஓடினார்கள், மறுமலர்ச்சி பிறந்தது. 1492-இல் கொலம்பஸ் கப்பலேறினார். 1517-இல் லூதர் போப்பாண்டவரை எதிர்த்து எழுந்தார். 1543-இல் கோபர்னிகஸ் பூமியைச் சுழல விட்டார். அப்புறம் கெப்ளர், கலிலியோ, நியூட்டன். அப்புறம் 1789. இருட்டு விலகியது, மூடநம்பிக்கை ஒழிந்தது, மனிதன் நிமிர்ந்து நின்றான். "நமக்கும் அப்படி ஒரு மறுமலர்ச்சி வந்தாலொழிய விமோசனமில்லை" என்று அவர் முடித்தபோது மண்டபம் அதிர்ந்தது. நானும் கை தட்டினேன்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் எனக்கு என் கைகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஏனென்றால், அவர் போகிற போக்கில் உச்சரித்துவிட்டுப் போன பெயர்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரரான கெப்ளரின் தாயைப் பற்றி அந்த வாரந்தான் நான் படித்திருந்தேன்.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். கல்லூரியில் இருந்தது இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷமும் ஐரோப்பியச் சரித்திரத்தை இதே ஏணியாகத்தான் நெட்டுருப் போட்டேன், பரீட்சையில் படிகளை வரிசை தவறாமல் எழுதினேன், மார்க்கும் கிடைத்தது. ஆகவே பேராசிரியர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு கதையில் ஆசிரியன் எந்த இடத்தில் பாத்திரத்தின் காதைப் பிடித்துத் தனக்கு வேண்டிய பக்கம் இழுத்துப் போகிறான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

முதலில் அந்தக் கிழவியின் கதை.

ஜெர்மனியில் வூர்ட்டம்பர்க் என்று ஒரு சீமை. லூதரின் மதத்தைத் தழுவிய கோமகனின் ஆட்சி. அங்கே லியோன்பெர்க் என்ற சிற்றூரில் வாழ்ந்தவள் காதரீனா கெப்ளர். புருஷன் கூலிப்படையில் சேர்ந்து போனவன். ஒரு தடவை போனவன் திரும்பவேயில்லை. பிள்ளைகளைத் தனியாக வளர்த்தாள். பச்சிலை தெரியும். நாக்கு சற்றுக் கூர்மை. ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒரு கிழவி இருப்பாள். 1615-ஆம் ஆண்டில், கண்ணாடி பதிக்கும் தொழிலாளி ஒருவரின் மனைவி, ஊர்சுலா ரைன்போல்ட் என்பவள், காதரீனா கொடுத்த பானத்தைக் குடித்துத்தான் தன் உடம்பு கெட்டது, அவள் சூனியக்காரி என்று சொல்லிவிட்டாள். கிழவி சும்மா இருக்கவில்லை. அவதூறு வழக்குப் போட்டாள். ஊர் அதிகாரியோ ரைன்போல்டின் கட்சி. வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. பழைய மனத்தாங்கல்கள் எல்லாம் சாட்சிகளாக வந்து நின்றன. ஒருவருடைய மாடு செத்தது, ஒருவருடைய கால் முடங்கியது, எல்லாம் அவள் கணக்கில் ஏறின.

1620-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவளைக் கைது செய்தார்கள். அப்போது அவளுக்கு எழுபதுக்கு மேல் வயது. பதினான்கு மாதம் சங்கிலியில் கிடந்தாள். ஒரு மகன் ஈயப் பாத்திரம் வார்ப்பவன். ஊரில் தன் பெயர் கெடுமே என்று அவன் ஒதுங்கினான். மூத்தவன் லின்ஸ் நகரத்தில் சர்க்கார் கணித ஆசிரியன். அவன் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டு வந்தான். அவன்தான் யோஹான்னஸ் கெப்ளர். கிரகங்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று 1609-இல் உலகத்துக்குச் சொன்னவன். தன் மூன்றாவது விதியை 1619-இல் அச்சிட்டு வெளியிட்டவன். அந்த நூல் வெளிவந்த மறு வருஷந்தான் தாய்க்குச் சங்கிலி விழுந்தது.

கெப்ளர் தாய்க்காக எழுதிய வாதத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு மெய் சிலிர்த்தது. ஒவ்வொரு சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். நீ முன்பு சொன்னது ஒன்று, இப்போது சொல்வது ஒன்று. இந்த நோய்க்கு இந்த இயற்கையான காரணம் இருக்கிறது. நீ சாப்பிட்ட வேறு மருந்துகளே போதும் உன் உடம்பைக் கெடுக்க. வானத்தில் செவ்வாயின் பாதையைக் கணக்கிட்ட அதே பொறுமை. ஆனால் கவனியுங்கள்: சூனியமே கிடையாது, சூனியக்காரியே கிடையாது என்று அவர் ஓர் இடத்திலும் சொல்லவில்லை. என் தாய் சூனியக்காரி இல்லை என்பதுதான் அவருடைய வாதம். வழக்கு ட்யூபிங்கன் சட்டப் பேராசிரியர்களிடம் போனது. சான்று போதாது, சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டலாம், உடம்பில் கை வைக்கக் கூடாது என்று தீர்ந்தது. 1621 செப்டம்பரில் கருவிகளைக் காட்டினார்கள். கிழவி மசியவில்லை, ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் விடுதலை. 1622 ஏப்ரலில் இறந்தாள்.

இது ஏதோ விதிவிலக்கு என்று தள்ள முடியாது. ஐரோப்பாவில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை என்று கணக்கிடுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். இந்தத் தீ மிக உயரமாக எரிந்த காலம் 'இருண்ட காலம்' என்று நம் பாடப் புத்தகம் மை பூசிய காலம் அன்று. 1560-க்கும் 1650-க்கும் இடைப்பட்ட காலம். ஷேக்ஸ்பியரின் காலம், கலிலியோவின் காலம், தெக்கார்த்தின் காலம்.

இனி நான் செய்யப் போவது இது. அந்தக் காலத்தின் மகிமை என்ன என்று எழுதிய சரித்திராசிரியர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு அந்தச் சிறைக்குள் போகிறேன். கிழவிக்கு முன்னால் நிறுத்தி, "உங்கள் சித்தாந்தத்தில் இவளுக்கு இடம் எங்கே?" என்று கேட்கிறேன். தப்புக் கணக்கென்றால் சொல்லுங்கள்.

முதலில் பர்க்ஹார்ட். சுவிட்சர்லாந்து பேஸல் நகரத்துப் பேராசிரியர். 1860-இல் இத்தாலிய மறுமலர்ச்சியைப் பற்றி அவர் எழுதிய நூல்தான் நம் மேடைப் பேச்சாளர்களுக்கெல்லாம் மூலபண்டாரம், அவர்கள் அதைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும். இடைக்கால மனிதன் தன்னைக் குலத்தின், கூட்டத்தின் ஓர் உறுப்பாகவே அறிந்தான். இத்தாலியில் அந்தத் திரை விலகித் 'தனிமனிதன்' பிறந்தான் என்பது அவர் கட்சி. அவர் நேர்மையானவர். அந்த இத்தாலியர்களின் சோதிடப் பித்தையும் மந்திர மாயத்தையும் அவர் மறைக்கவில்லை. நூலின் கடைசிப் பகுதியில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். கடைசியில் வைத்ததுதான் கோளாறு. கொட்டு மேளத்தோடு தனிமனிதனை ஊர்வலம் விட்டபிறகு கொல்லைப்புறத்தில் குப்பையைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? அமெரிக்கரான ஜோன் கெல்லி என்ற அம்மையார் 1977-இல் ஒரு கட்டுரையில் கேட்டார்: பெண்களுக்கு மறுமலர்ச்சி என்று ஒன்று இருந்ததா? இருந்த சுதந்திரமும் அந்தக் காலத்தில் சுருங்கித்தான் போயிற்று என்பது அவர் விடை. நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அந்தக் கேள்வி கேட்கப்பட!

பர்க்ஹார்டு விடியலைக் கண்ட பதினைந்தாம் நூற்றாண்டில்தான் ஹாலந்து தேசத்து ஹூய்சிங்கா அந்தியைக் கண்டார். அவர் நூல் 1919-இல் வந்தது. அவர் பார்த்தது பிரான்ஸையும் பர்கண்டி அரசவையையும். கனிந்து முற்றி உதிரப்போகிற ஒரு வாழ்க்கையை. இருவரும் மேதைகள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே பொழுதை ஒருவர் காலை என்றும் மற்றவர் மாலை என்றும் சொல்கிறார் என்றால், காலையும் மாலையும் பார்க்கிறவர் நிற்கிற இடத்தைப் பொறுத்தது என்று நமக்குத் தோன்ற வேண்டாமா? நம் பாடப் புத்தகத்துக்குத் தோன்றவில்லை. அது காலையை மட்டும் வாங்கிக்கொண்டது.

அடுத்து மாக்ஸ் வேபர். 1904, 1905 ஆண்டுகளில் அவர் எழுதிய வாதம் உலகப் பிரசித்தம். பிராட்டஸ்டண்டு மதம், முக்கியமாகக் கால்வின் வழி, உழைப்பைக் கடவுள் ஆணையாக்கியது. அந்த மனப்பான்மைதான் நவீன முதலாளித்துவத்துக்கு ஆவி ஊதியது. மந்திரமும் மாயமும் உலகத்திலிருந்து கழன்றுகொண்டதையும் அவர் இதோடு சேர்த்துப் பேசினார். காதரீனாவின் சீமை லூதர் வழி. அது தம் வாதத்துக்கு முழுப் பொருத்தமில்லை என்று வேபர் தப்பித்துக்கொள்ளலாம். சரி, கால்வின் வழியான ஸ்காட்லாந்துக்குப் போவோம். அங்கே 1563-இல் சூனியத்துக்கு மரண தண்டனைச் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கில் வழக்குகள் நடந்தன. அத்தனை சிறிய தேசத்தில் அது பெருந்தீ. அதே கால்வின் வழி மேலோங்கி நின்ற டச்சுக் குடியரசிலோ பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே அந்தத் தண்டனை ஓய்ந்துவிட்டது. ஒரே மதம், ஓரிடத்தில் விறகு, ஓரிடத்தில் தண்ணீர். அப்படியானால் மதத்தின் 'ஆவி' என்பது எதையும் விளக்குகிற சர்வரோக நிவாரணியா? எனக்குச் சந்தேகம்.

மூன்றாவது பேர்வழி கேம்பிரிட்ஜ் பட்டர்ஃபீல்டு. இவர்மேல் எனக்குப் பிரியம் அதிகம்; அதனால் கோபமும் அதிகம். 1931-இல் ஒரு சிறு நூல் எழுதினார். இன்றைய வெற்றியாளர்களின் பாட்டன்மார் யார் என்று தேடி, அவர்களுக்கெல்லாம் மாலை போட்டு, எதிர்த்து நின்றவர்களுக்குக் குட்டு வைக்கிற சரித்திரம் சரித்திரமே இல்லை என்று அடித்துச் சொன்னார். இளைஞர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய நூல். அதே மனிதர் 1949-இல் நவீன விஞ்ஞானத்தின் தோற்றத்தைப் பற்றி எழுதும்போது, விஞ்ஞானப் புரட்சிக்கு முன்னால் மறுமலர்ச்சியும் மதச் சீர்திருத்தமும் வெறும் சில்லறைச் சம்பவங்கள், கிறிஸ்தவம் தோன்றியதற்குப் பிறகு இதற்கு ஈடு எதுவும் இல்லை என்கிற அளவுக்குப் போனார். எந்த ஏணியை ஒடித்துப் போட்டாரோ அதையே எடுத்து ஒட்டவைத்து அவரே ஏறிவிட்டார்! வைத்தியருக்கே அந்த ஜுரம் வந்ததென்றால் நோயாளி கதி என்ன?

பட்டர்ஃபீல்டின் ஏணியில் கெப்ளர் ஒரு முக்கியமான படி. ஆனால் எந்தக் கெப்ளர்? 1609-இன் கெப்ளர், 1619-இன் கெப்ளர். 1620-இல் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதிய கெப்ளருக்கு அதில் இடமில்லை. பெரிய மனிதர்களுக்கு சாதகம் கணித்துக் கொடுத்த கெப்ளருக்கும் இடமில்லை. ஒரு மனிதனை இரண்டாக வெட்டி ஒரு பாதியை நியூட்டனிடம் அனுப்பிவிட்டு, மறுபாதியைப் புதைத்துவிட்டார்கள்.

இப்படித்தான் போடானையும் வெட்டினார்கள். ஜான் போடான் பிரெஞ்சுச் சட்ட மேதை. 1576-இல் அவர் எழுதிய நூல்தான் அரசின் இறைமை என்ற கருத்துக்கு அடித்தளம். அரசியல் மாணவர் எல்லோரும் படிக்கிறார்கள். நான்கு வருஷம் கழித்து 1580-இல் அதே பேனா சூனியக்காரர்களைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதிற்று. அது பல பதிப்புகள் ஓடியது. முதல் நூல் 'நவீன'மாம். இரண்டாவது 'பழமையின் எச்ச'மாம். போடானிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். இரண்டும் சேர்ந்ததுதான் அவர் மூளை.

பிறகு ஒரு பெரிய சண்டை. 1954-இல் ஹாப்ஸ்பாம் என்ற மார்க்ஸியர், பதினேழாம் நூற்றாண்டு முழுவதும் ஒரு பொது நெருக்கடி; நிலப்பிரபுத்துவப் பொருளாதாரம் முதலாளித்துவத்துக்கு மாறுகிற கடைசி முட்டுக்கட்டை அது என்றார். 1959-இல் டிரெவர்-ரோப்பர் வந்து, இல்லை, வீங்கிப்போன அரசவைகளுக்கும் அவற்றைத் தீனி போட்டு வளர்த்த சமுதாயத்துக்கும் இடையே மூண்ட தகராறு அது என்றார். ஒருவர் உற்பத்தி முறை என்கிறார். மற்றவர் உத்தியோக வர்க்கம் என்கிறார். காதரீனாவின் சிறையில் இரண்டுக்கும் பதில் இல்லை. டிரெவர்-ரோப்பரைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் அநியாயம். 1967-இல் சூனிய வேட்டையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி, அறிவு வளர வளர இந்த வெறியும் வளர்ந்தது, அதை வளர்த்தவர்களே படித்தவர்கள்தான் என்று முகத்தில் அறைந்தாற்போல் சொன்னவர் அவர். ஆனால் கிராமத்து ஜனங்கள் என்ன நம்பினார்கள் என்பதைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டார். அவருக்கு அது சுபாவம். ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் சரித்திரம் மட்டுமே உண்டு, மற்றதெல்லாம் இருட்டு என்று 1963-இல் பேசியவரும் அவரேதான். படித்தவர்களின் வெறியைக் கண்டுபிடித்த கண்ணுக்குப் படிக்காதவர்களின் வாழ்க்கை தெரியவில்லை.

அண்மையில் வந்தவர்கள் வேறு திசையில் போனார்கள். ஜெஃப்ரி பார்க்கர் 2013-இல், பதினேழாம் நூற்றாண்டின் கொடுங்குளிரையும் பொய்த்த விளைச்சலையும் யுத்தங்களையும் சேர்த்து உலகம் முழுவதற்கும் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் குளிரில் விளைச்சல் அழிந்த கிராமம் யாரையாவது பழி சொல்லத் தேடியது என்பது நம்பக்கூடியது. ஆனால் குளிர் எல்லா ஊருக்கும் பொது. விறகு எல்லா ஊரிலும் அடுக்கப்படவில்லை. பொமெரான்ஸ் என்ற அமெரிக்கர் 2000-இல் இன்னொரு குண்டைப் போட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை சீனத்து யாங்சி ஆற்றுக் கழிமுகத்தின் வாழ்க்கை இங்கிலாந்துக்குச் சளைத்ததில்லை. இங்கிலாந்து முந்தியது கைக்கெட்டிய நிலக்கரியாலும் அமெரிக்க நிலங்களாலும் என்றார். இதற்கு இரண்டு வருஷம் முன்பே பிரசன்னன் பார்த்தசாரதி, நம் தென்னிந்திய நெசவாளியின் கூலி வாங்கிய தானியத்தையும் பிரிட்டிஷ் நெசவாளியின் கூலி வாங்கிய தானியத்தையும் நிறுத்துப் பார்த்து, நம் ஆள் இளைத்தவனில்லை என்று வாதாடியிருந்தார். அப்படியானால் 1453-இலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்த ஏணி எங்கே? ஏணியின் பாதிக்குமேல் பின்னால் வந்தவர்கள் செய்து செருகியது என்றல்லவா ஆகிறது!

இந்த இடத்தில் இன்னொரு நண்பர் குதூகலத்தோடு எழுந்திருப்பார். "சரியாகச் சொன்னீர்கள்! ஐரோப்பா என்றாலே கொள்ளைதான்!" என்பார். கொள்ளை நடந்தது. எரிக் வில்லியம்ஸ் 1944-இலேயே அடிமை வாணிபத்தின் லாபத்தைக் கணக்குக் கேட்டார். அந்த வாணிபத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். இதைச் சொல்லாத ஐரோப்பியச் சரித்திரம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சரித்திரம். ஆனால் இந்த நண்பர் செய்வது ஏணியைத் தலைகீழாக வைப்பது மட்டுந்தான். அங்கே எல்லாப் படியும் விஞ்ஞானத்துக்குப் போயிற்று. இங்கே எல்லாப் படியும் கொள்ளைக்குப் போகிறது. லியோன்பெர்க் கிழவி கொள்ளையடித்தவளும் இல்லை, கண்டுபிடித்தவளும் இல்லை. அவளுக்கு இந்த ஏணியிலும் படி கிடையாது.

இத்தனை மேதைகளும் சறுக்குகிற இடம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். ஒரு நாவலில் கதாநாயகி கடைசி அத்தியாயத்தில் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டு எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், முதல் அத்தியாயத்திலிருந்தே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்! சமைக்கிறாள், அதிலும் புறப்பாடு. குழந்தையைக் கொஞ்சுகிறாள், அதிலும் புறப்பாடு. கிழித்துப் போட்டேன். முடிவு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்பதை நான் மறந்ததால் வந்த வினை. சரித்திரக்காரருக்கும் முடிவு தெரியும். 1800-இல் என்ன நடக்கும் என்பது தெரிந்துகொண்டே 1550-க்குள் நுழைகிறார். அந்தக் காலத்துக்கு அவர்கள் இட்டிருக்கிற பெயரைப் பாருங்கள்: 'நவீன யுகத்தின் ஆரம்பக் காலம்'! எதன் ஆரம்பம்? நம்முடைய ஆரம்பம். காதரீனா தன்னை யாருடைய ஆரம்பமாகவும் நினைத்திருக்க மாட்டாள். பெயர் வைக்கிறபோதே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

ஒரு பேராசிரியர் இதற்குப் பதில் சொல்வார்: "ஐயா, ஒரு கிழவியை வைத்துக்கொண்டு முந்நூறு வருஷத்தை எடை போட முடியுமா? மரம் மரமாக எண்ணினால் காடு எப்போது தெரியும்?" நியாயமான கேள்வி. பிரோடெல் என்ற பிரெஞ்சுக்காரர் ஜெர்மானியர்களின் யுத்தக் கைதியாக இருந்தபடியே மத்தியதரைக் கடலின் சரித்திரத்தை எழுதினார். 1949-இல் அது நூலாக வந்தது. மலையையும் கடலையும் காற்றையும் பற்றி அவர் எழுதியதைப் படித்தபின் அரசர்களின் சண்டையெல்லாம் நுரையாகத் தெரிகிறது. காடு வேண்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்? நான் கேட்பதெல்லாம், காட்டைப் பற்றிச் சொல்கிற வாக்கியம் ஒரு மரத்தின் முன்னால் வந்து நின்றால் பொய்யாகக் கூடாது என்பதுதான். 'அறிவு வளர்ந்தது, மூடநம்பிக்கை ஒழிந்தது' என்ற வாக்கியம் அந்தச் சிறையின் வாசலிலேயே செத்து விழுகிறது.

சிறைக்குள்ளேயே தொடங்கியவர்களும் இருக்கிறார்கள். கீத் தாமஸ் 1971-இல் இங்கிலாந்துக் கிராமங்களைப் பார்த்தார்: பிச்சை கேட்டு வந்த கிழவியை விரட்டியவர்தான் பிறகு வீட்டில் நோய் வந்ததும் அவள்மேல் சூனியம் சாற்றினார், குற்ற உணர்ச்சியே குற்றச்சாட்டாக மாறியது. இத்தாலியர் கின்ஸ்பர்க் 1976-இல், மதவிசாரணை மன்றத்தின் காகிதங்களுக்குள்ளிருந்து மெனோக்கியோ என்ற மாவுமில்காரனைத் தோண்டியெடுத்தார். பாலாடைக் கட்டியில் புழு தோன்றுவதுபோல உலகம் தோன்றியது என்று பேசி உயிரைவிட்டவன் அவன். உலின்கா ரூப்ளாக் என்ற அம்மையார் 2015-இல் காதரீனாவின் வழக்கையே முழு நூலாக எழுதினார். இவர்களிடமும் சித்தாந்தம் உண்டு. ஆனால் மனிதனைப் பார்த்த பிறகு சித்தாந்தம் வருகிறது.

அப்படிப் பார்த்தால்தான் தெரிகிற ஓர் உண்மை இருக்கிறது. அதற்காகவே இவ்வளவும் எழுதினேன். தீ எப்படி அணைந்தது? ஸ்பெயின் தேசத்து மதவிசாரணை மன்றம் என்றால் நம் ஏணிக்காரர்களுக்கு ராவணன் கோட்டை. 1610-இல் லொக்ரோன்யோ என்ற ஊரில் அந்த மன்றம் சூனியக் குற்றத்துக்காக ஆறு பேரை உயிரோடு எரித்தது. அந்த மன்றத்தின் நீதிபதிகளில் ஒருவர் அலோன்ஸோ தெ ஸலசார். அவருக்கு மனம் ஒப்பவில்லை. மறு வருஷம் ஊர் ஊராகப் போனார். ஒப்புக்கொண்டவர்களை விசாரித்தார். சூனிய மருந்து என்று கொடுத்ததைச் சோதிக்கச் செய்தார். ஒன்றுக்கும் சான்றில்லை, இந்தப் பேச்சும் எழுத்தும் கிளம்பிய பிறகுதான் சூனியக்காரர்களே கிளம்பினார்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். 1614-இல் மன்றம் கடுமையான விதிமுறைகள் விதித்தது. அதோடு அந்த மன்றத்தின் சூனியத் தீ ஏறக்குறைய ஓய்ந்தது. ஜெர்மனியில் ஸ்பே என்ற ஏசு சபைப் பாதிரியார், சித்திரவதை செய்தால் யார்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று 1631-இல் நூலெழுதினார். ட்யூபிங்கன் சட்டப் பேராசிரியர்கள் சூனியத்தை நம்பியவர்களே. ஆனாலும் இந்தக் கிழவிக்குச் சான்று போதாது என்றார்கள். இவர்களில் ஒருவருக்கும் 'மறுமலர்ச்சி மனிதன்' என்ற பட்டம் கிடையாது. ஸலசார் கேட்டது ஒன்றே ஒன்று: சான்று எங்கே?

ஏணிக்காரரின் கணக்கில் இது எல்லாம் தானாக வந்திருக்க வேண்டும். கோபர்னிகஸ் வந்தார், ஆகவே தீ அணைந்தது. அப்படி நடக்கவில்லை. கோபர்னிகஸுக்குப் பிறகுதான் தீ ஓங்கிற்று. சுவிட்சர்லாந்தில், கிளாரஸ் என்ற ஊரில் அன்னா கோல்டி என்ற வேலைக்காரியின் தலையை வெட்டியது 1782-இல். காண்டு தம் முதல் பெரிய நூலை வெளியிட்டு ஒரு வருஷம் கழித்து. தீயை அணைத்தவர்கள் தண்ணீர்க் குடத்தைத் தனித்தனியே தூக்கி வந்தவர்கள். அவர்கள் தோற்றிருக்கவும் கூடும். பல ஊர்களில் தோற்றார்கள்.

நம் மேடை நண்பரோடு என் தகராறு இங்கேதான். மறுமலர்ச்சி என்று ஒன்று வரும், அது வந்தால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று அவர் நம்மைக் காத்திருக்கச் சொல்கிறார். பருவமழைக்குக் காத்திருப்பதுபோல! அறிவாளிகள் பெருகினால் அநியாயம் குறையும் என்கிறார். போடானைவிடவா நமக்கு அறிவாளி வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரன்மேல் ஊர் கூடிப் பழி சுமத்துகிறபோது, படித்தவன் அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றதற்கு ஐரோப்பாவே சாட்சி. அந்தச் சாட்சியத்தை அழித்துவிட்டு ஏணியை மட்டும் நம் கையில் கொடுத்தது எந்தப் புத்தகமானாலும், அது நமக்குச் செய்தது துரோகம். அந்தக் காலத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று என்னைக் கேட்டால், ஸலசாரின் கேள்வியைச் சொல்வேன். மகன் தாய்க்காக எழுதிய மனுவைச் சொல்வேன். அவற்றுக்கு எந்த நூற்றாண்டும் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்கலாம்.

அந்த நண்பர் அடுத்த கூட்டத்துக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டுதான் வருவார். நானும் போவேன். அவர் முடித்ததும், கை தட்டுவதற்கு முன்னால் எழுந்து ஒன்று கேட்கலாம் என்றிருக்கிறேன்: "ஐயா, 1620-இல் காதரீனா கெப்ளர் எந்தப் படியில் இருந்தாள்?"